கண்டிப்பினுள் ஒரு ரஹ்மத்



ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக் பயணத்தில், தக்க காரணமின்றிக் கலந்துகொள்ளாதவர்களுள் கஃப் இப்னு மாலிக் (ரழி) அவர்களும் ஒருவர். நபி (ஸல்) அவர்கள் மதீனா திரும்பியபோது எண்பதுக்கும் மேற்பட்டோர் சாக்குப்போக்குக் கூறினர். அவர்களது உள்ளத்தை அல்லாஹ்விடம் ஒப்படைத்து, நபியவர்கள் விட்டுவிட்டார்கள். உண்மையை ஒப்புக்கொண்ட கஃப் (ரழி) உள்ளிட்ட மூவருடன் மாத்திரம் எவரும் பேசலாகாதெனத் தடுத்தார்கள்.

பொய்யர் தப்பினர், மெய்யர் தண்டிக்கப்பட்டனர் என எண்ணுகிறீர்களா? இல்லை. திருத்துவதற்காகவே மூவரும் கண்டிக்கப்பட்டனர்.

கஃப் (ரழி) கூறிய ஸலாத்துக்கும் பதில் கிடைக்கவில்லை. தம்மிடம் வந்துவிடுமாறு கஸ்ஸான் மன்னன் கடிதம் அனுப்பினான். அதனை அவர் அடுப்பிலிட்டு எரித்தார். பள்ளிவாசலை அவர் விடவில்லை. அவர் தொழும்போது நபியவர்கள் அவரைப் பார்ப்பார்கள். அவர் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பார்வையே ரஹ்மத்!

50 இரவுகள் கழிந்த விடியலில், அவர்களது தௌபாவை அல்லாஹ் ஏற்றுக்கொண்ட நற்செய்தி வந்தது. நபியவர்களின் முகம் மகிழ்ச்சியால் பிரகாசித்தது.

வாலிபர்களே! கண்டிப்பவரை வெறுத்து, இனிக்கப் பேசும் அந்நியரிடம் ஓடிவிடாதீர்கள். பெற்றோர்களே! உங்கள் கோபத்திற்கு ஒரு முடிவுநாள் உண்டா? உண்மை சொன்ன பிள்ளையை மறைவிலேனும் அன்புடன் பார்க்கிறீர்களா?

நம்மைக் கைவிடாது திருத்துகின்ற அல்லாஹுத்தஆலா, நம் அனைவரின் தௌபாவையும் ஏற்றருள்வானாக! ஆமீன்.