தூரிகை எடுக்குமுன்



பெரிய பொருள் ஒன்றை ஒரே அளவு விகிதத்தில் சுருக்கி, அதன் உருவம் மாறாமல் சிறிதாகச் செய்து பார்ப்பது ஓர் இனிய கைக்கலை. 72இல் 1 பங்கு என்பது இக்கலையில் பெருவழக்காக உள்ள அளவு. ஆறு அடி உயரமுள்ள மனிதன் அவ்வளவில் ஓர் அங்குலமே இருப்பான். 1936ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர் என்னும் ஆங்கிலப் போர் விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை ஏறத்தாழ 11.2 மீட்டர் நீளமுடையது. அதன் மாதிரியிலோ அது 15.6 சென்டிமீட்டர்தான், ஒரு சாணுக்கும் குறைவு!

என் தமையனாரின் மகன் அந்த விமானத்தின் மாதிரியைச் செய்யத் தொடங்கினான். இரண்டு திங்கள் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்துப் பிளாஸ்டிக் உறுப்புகள் அடங்கிய பெட்டியை வாங்கினான். மூன்று வாரம் மாலைதோறும் அமர்ந்து ஒட்டி முடித்தான். மறுநாள் பள்ளியில் கண்காட்சி. வண்ணம் தீட்டுவது ஒன்றே எஞ்சியிருந்தது. "சித்தப்பா, இன்றே முடித்துவிடலாமா?" என்று கேட்டான். "ஓரிரவு போதாதா? முடித்துவிடு" என்று சொன்னவன் நான்தான்.

விளைவு என்ன? பச்சை உலருமுன் அருகில் பழுப்பைத் தீட்டினான். இரண்டும் கலந்து சேறாயின. இறக்கையின்மேல் அவன் விரல் ரேகை பதிந்தது. விமானியின் அறையை முன்னரே மூடி ஒட்டிவிட்டபடியால் உள்ளே தூரிகை செல்லவில்லை. கரிய சுழல்விசிறியின் முனையில் மஞ்சள் தீட்டினான். அது மங்கிப் பாசி நிறமாயிற்று. வண்ணம் பூசிய சக்கரக் கால்கள் ஒட்டாமல் விழுந்தன. மறுநாள் அவன் வெறுங்கையோடு பள்ளிக்குச் சென்றான். மூன்று வார உழைப்பு மூன்று மணி நேரத்தில் வீணாயிற்று. அவன் கையில் திறமை இல்லாமலில்லை. வேலையை நாள்வாரியாகப் பகுத்துக்கொள்ளவில்லை, அதுவே குறை.

வண்ண வேலையில் தீட்டும் நேரம் சிறிது. உலரும் நேரமே பெரிது. ஆகவே நாம் திட்டமிட வேண்டுவது காத்திருக்கும் நேரத்தைத்தான். இதனை எவ்வாறு செய்வது?

பெட்டியைத் திறந்ததும் தூரிகையைத் தொடாதீர்கள். ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுங்கள். எந்தெந்த நிறம் வேண்டும், அந்நிறம் எந்தெந்த உறுப்புக்கு உரியது என்று எழுதுங்கள். சக்கரத்தின் ரப்பர், சுழல்விசிறியின் அலகு, கருவிப் பலகை ஆகிய மூன்றும் கருமை. அவற்றை மூன்று நாள் தனித்தனியே தீட்டுவானேன்? ஒருமுறை புட்டியைத் திறந்து, ஒருமுறை தூரிகையைக் கழுவினால் போதுமே! உறுப்புகளைச் சட்டத்திலிருந்து வெட்டாமலே தீட்டினால் பிடித்துக்கொள்ளவும் எளிது. பசையோ பிளாஸ்டிக்கைச் சிறிது கரைத்தே இணைக்கிறது. ஆதலால் ஒட்டும் இடத்தில் மட்டும் வண்ணம் படாமல் காக்க வேண்டும்.

அடுத்து வரிசை. ஒட்டியபின் தூரிகை எட்டாத இடம் எதுவோ, அதுவே முதலில் தீட்ட வேண்டிய இடம். ஒன்றன்மேல் ஒன்றாக வரும் நிறங்களில் வெளிறியது முன்னும் கரியது பின்னும் வர வேண்டும். விசிறியின் முனைக்கு முதலில் வெள்ளை, அதன்மேல் மஞ்சள். உலர்ந்தபின் முனையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் காகித நாடாவை ஒட்டி மறைத்துவிட்டு, எஞ்சியதைக் கருமையாக்குங்கள்.

இனி, அமர்வுகளைப் பிரிப்போம். ஒவ்வொன்றும் அரைமணி நேரத்திற்கு மேல் வேண்டாம். முதல் நாள் உறுப்புகளைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துக. எண்ணெய்ப் பசை நின்றால் வண்ணம் பிடிக்காது. இரண்டாம் நாள் விமானியின் அறையும் சிற்றுறுப்புகளும். பிறகு உடலை ஒட்டி, இணைப்பை உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு இடுக. அடுத்த நாள் அடிப்பக்கத்தின் வெளிறிய நிறம். அதற்கடுத்து மேற்புறத்தின் மண் பழுப்பு. அதன்பின் கரும்பச்சைத் திட்டுகள். நிறைவாகப் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள், அதன்மேல் பளபளப்பற்ற வார்னிஷ். கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே மேல்.

உலர்ந்ததா என்று எப்படி அறிவது? மாதிரியைத் தொட்டுப் பார்க்காதீர்கள். தீட்டும்போதே எறியப்போகும் சட்டத்திலும் ஒரு கீற்றுத் தீட்டிவையுங்கள். அதனைத் தொட்டுப் பாருங்கள். நீரில் கரையும் வண்ணம் விரைவில் உலரும். எனாமலுக்கு ஒரு நாளேனும் விடுங்கள். அதன் வாடை வீசும்வரை அது உலரவில்லை என்றே கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இன்னும் பொறுக்க வேண்டும். எனாமலையும் டர்பன்டைனையும் கையாளும்போது சன்னலைத் திறந்துவையுங்கள். அருகில் நெருப்பு ஆகாது.

என் தமையன் மகன் மறு ஆண்டு வேறொரு பெட்டி வாங்கினான். இம்முறை சுவரில் ஒரு தாள் தொங்கியது. அதில் ஒன்பது மாலைகளும் அவற்றின் வேலைகளும் எழுதப்பட்டிருந்தன. ஐந்தாம் நாள் நல்ல மழை. சட்டத்தின்மேல் இருந்த கீற்றைத் தொட்டான். விரலில் பழுப்பு ஒட்டிற்று. "இன்று வேலை இல்லை, சித்தப்பா" என்று கூறித் தூரிகையை வைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுத்தான். அவனை அவசரப்படுத்த இம்முறை நான் வாய் திறக்கவில்லை. ஒன்பது மாலைகள் பத்தாயின. விமானம் கண்காட்சி மேசைக்குச் சென்றது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. பதறாதிருப்பதற்கு மனவுறுதி மட்டும் போதாது. நாளை என்ன செய்வது என்று இன்றே எழுதிய ஒரு தாளும் வேண்டும்.