கரி படிந்த கை வரைந்த வரலாறு



ஒரு சுரங்கத்துல எத்தனை டன் நிலக்கரி எடுத்தாங்கன்னு கேளுங்க. முதலாளியோட கணக்குப் புத்தகம் பதில் சொல்லும். அதை வெட்டினவன் நின்னுக்கிட்டு வெட்டினானா, படுத்துக்கிட்டு வெட்டினானா? அதுக்கு அந்தப் புத்தகத்துல இடமே கிடையாது.

அந்தப் பதிலை ஒரு தொழிலாளியே வரைந்து வைத்தார். பெயர் யமமோட்டோ சகுபே. ஜப்பானின் கியூஷு தீவில், சிக்குஹோ நிலக்கரிப் பகுதியில் 1892-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசிலேயே பெற்றோருக்குத் துணையாகச் சுரங்கத்துக்குள் இறங்கினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே உழைத்தார்.

பிறகு நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அறுபது வயதைத் தாண்டி, இரவுக் காவலாளியாக இருந்த சகுபே தூரிகையைக் கையில் எடுத்தார். ஓவியம் முறையாகப் படித்தவர் இல்லை. தாங்கள் பட்ட பாடு பேரப்பிள்ளைகளுக்குத் தெரியணும், அவ்வளவுதான் அவர் ஆசை.

என்ன வரைந்தார்? முதுகை நிமிர்த்த முடியாத இடுக்கில் ஒருக்களித்துப் படுத்துக் கரி வெட்டும் ஆண். அவன் வெட்டிய கரியைக் கூடையில் அள்ளி, தவழ்ந்து இழுத்துப் போகும் பெண். புருஷன் வெட்ட, மனைவி இழுக்க, குடும்பமே பூமிக்கடியில் கிடந்த காலம் அது. வாயு வெடித்துச் செத்தவர்களையும் வரைந்தார். தொழிலாளியைக் கட்டிவைத்து அடித்த கொடுமையையும், 1918 அரிசிக் கலவரத்தையும் விட்டுவைக்கவில்லை. படத்தின் ஓரத்திலேயே கருவியின் பெயர், வேலை செய்யும் முறை எல்லாம் தன் கையால் எழுதி வைத்தார்.

1984-ல் அவர் மறைந்தார். 2011-ல் அவருடைய ஓவியங்களும் நாட்குறிப்புகளுமாக 697 ஆவணங்களை யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தப் பதிவேட்டில் ஜப்பானிலிருந்து முதலில் ஏறியது அரசனின் ஆணை இல்லை, அமைச்சரின் கடிதம் இல்லை. ஒரு கூலித் தொழிலாளியின் படங்கள்!

தோழர்களே, சகுபே வரையாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டன் கணக்கு மிஞ்சியிருக்கும். கூடை இழுத்த அந்தப் பெண் இருந்த தடமே தெரியாமல் போயிருப்பாள்.

நம்ம உழைப்பை நாமதான் பதிவு செய்யணும். இன்னைக்கு ஒவ்வொருத்தர் கையிலும் போன் இருக்கு. வீட்டுக்குப் போனதும் உங்க அப்பாவை, அம்மாவை உட்கார வைச்சு ஒரு கேள்வி கேளுங்க: "நீங்க என்ன வேலை செஞ்சீங்க? எப்படிச் செஞ்சீங்க?" அவங்க சொல்றதை அப்படியே எழுதி வையுங்க.