சம்பளச் சீட்டில் உள்ள சொற்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் நிகழ்த்திய உரை)





சில மாதங்களுக்கு முன்பு ஒரு சம்பள நாளில் ஓர் அக்கா தமது சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். சீட்டை மேசையில் வைத்துவிட்டு, "இதுல பத்துப் பன்னெண்டு சொல்லு இருக்குங்க. எனக்கு விளங்குறது ஒண்ணுதான், கடைசியில கையில குடுக்குற காசு. மத்ததெல்லாம் என்னான்னு யாரும் சொல்லித் தரலை" என்றார்.

அந்த அக்காவுக்கு அன்றைக்கே சீட்டை வாசித்துக் காட்டினோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. சம்பளத்துக்கு இத்தனை பெயர்கள் எதற்கு? ஒவ்வொரு பெயருக்குள்ளும் என்ன இருக்கிறது? அதைத்தான் இன்று பேசப்போகிறோம். முதலில் உலகத்தைச் சுற்றி வருவோம். பிறகு நமது சீட்டுக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் மாதச் சம்பளத்தைச் 'சாலரி' என்கிறார்கள். இது லத்தீன் மொழியின் 'சலாரியம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'சால்' என்றால் உப்பு. ரோமாபுரிப் படைவீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிளினி என்ற பழைய ரோம எழுத்தாளர் இந்தச் சொல்லை உப்போடு சேர்த்துப் பேசியிருப்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்து வீரர்கள் சம்பளம் வாங்கியது நாணயமாகத்தான். உப்பை மூட்டையாகக் கொடுத்தார்கள் என்பதற்குப் பழைய சான்று கிடையாது. அப்படியிருந்தும் உப்பின் பெயர் சம்பளத்தில் ஒட்டிக்கொண்டது. உப்பில்லாமல் அடுப்படி நடக்காது என்பது எல்லா நாட்டு மக்களுக்கும் தெரியும்.

சீன மொழியில் சம்பளத்துக்கு 'சின்ஷுவெய்' என்று ஒரு சொல் உண்டு. அது இரண்டு சொற்கள் சேர்ந்தது. ஒன்று விறகு, மற்றது தண்ணீர். விறகும் தண்ணீரும்தான் சம்பளம்! லயத்துப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்து வந்த பிறகும் தலையில் விறகுக் கட்டையும் இடுப்பில் குடத்தையும் சுமப்பவர்கள் நீங்கள்.

இந்தச் சொற்களெல்லாம் ஒரு வகை. சம்பளம் என்பது ஒரு குடும்பம் உயிர்வாழத் தேவையானது என்று இவை சொல்கின்றன.

இரண்டாவது வகை வேறு. ஆங்கிலத்தில் 'பே' என்கிறோமே, அதன் வேர் லத்தீனில் 'பாகாரே'. சமாதானப்படுத்துவது, அமைதிப்படுத்துவது என்று பொருள். கடன்காரன் சத்தம் போடாமலிருக்கக் காசைக் கொடுத்து அவனை அடக்குவது என்ற கருத்தில் வந்த சொல் அது. ரஷ்ய மொழியில் 'ஷாலவன்யே' என்று சம்பளத்துக்கு ஒரு பழைய சொல் இருக்கிறது. மேலே உள்ளவர் மனம் வைத்து அளிப்பது என்பது அதன் கருத்து. இந்த வகைச் சொற்களில் சம்பளம் ஒரு தயவு. துரை மனம் வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை.

மூன்றாவது வகையைக் கவனமாகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் நாட்கூலியை 'வேஜ்' என்கிறார்கள். நமது 'சம்பள நிர்ணய சபை'யின் ஆங்கிலப் பெயரிலும் இந்தச் சொல்தான் உள்ளது. இதன் பழைய பொருள் பிணை, உறுதிமொழி. "நீ வேலை செய், நான் இவ்வளவு தருகிறேன், அதற்கு இதோ பிணை" என்று இரண்டு பக்கமும் கட்டுப்படுவது. இங்கே தயவுக்கு இடமில்லை. வாக்குக் கொடுத்தவர் வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

அரபு மொழியில் வேலைக்கான கூலி 'உஜ்ரா'. நல்ல செயலுக்கு இறைவன் தரும் நற்கூலி 'அஜ்ர்'. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஆங்கிலத்தில் உழைத்துச் சம்பாதிப்பதைக் குறிக்கும் 'ஏர்ன்' என்ற சொல்லும், ஜெர்மன் மொழியில் அறுவடையைக் குறிக்கும் 'ஏர்ன்ட' என்ற சொல்லும் உறவுக்காரர்கள். விதைத்தவன் அறுக்கிறான் என்பதுதான் அதன் அடிப்படை.

ஆகவே உலகத்தில் சம்பளத்துக்கு மூன்று விதமான கருத்து இருக்கிறது. உயிர்வாழத் தேவையானது, மேலிருந்து வரும் தயவு, ஒப்புக்கொண்ட உரிமை. நமது சம்பளப் பேச்சுவார்த்தை ஒவ்வொன்றும் இந்த மூன்றுக்கும் நடுவில் நடக்கும் இழுபறிதான்.

இனி நமது சொற்களுக்கு வருவோம்.

'கூலி' என்றால் இன்று பலருக்கும் முகம் சுருங்குகிறது. ஆனால் இது தாழ்ந்த சொல் அல்ல. திருக்குறளின் 619ஆம் குறளைப் பாருங்கள். தெய்வத்தால் முடியாமற் போனாலும் உடல் வருந்தி உழைத்தால் அதற்குரிய பலன் கிடைக்கும் என்று சொல்லும் வள்ளுவர், அந்தப் பலனுக்குக் 'கூலி' என்றே பெயர் வைக்கிறார். சிங்களத்திலும் 'குலிய' என்று இந்தச் சொல் வாடகைக்கும் கூலிக்கும் வழங்குகிறது.

இதை இழிசொல்லாக்கியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். அவர்களுடைய 'கூலி' என்ற சொல் நமது தமிழிலிருந்து போனது என்று சிலரும், குஜராத்தின் கோலி என்ற சமூகத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். எங்கிருந்து போயிருந்தாலும் நடந்தது ஒன்றுதான். வேலைக்குக் கொடுக்கும் காசின் பெயரால் வேலை செய்யும் மனிதனையே கூப்பிட்டார்கள். இலங்கை, மலாயா, மொரிஷியஸ், நேட்டால், மேற்கிந்தியத் தீவுகள் என்று நம்மவர்கள் கப்பலேறிப் போன இடமெல்லாம் இந்தப் பெயரும் கூடவே போனது. பாரிஸ்டர் படித்த காந்தியைக்கூடத் தென்னாபிரிக்காவில் 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள்.

'ஊதியம்' என்பதற்குக் குறளில் இலாபம், பயன் என்று பொருள். அதே சொல்லை இன்று உழைப்பாளியின் சம்பளத்துக்குச் சொல்கிறோம். இலாபத்தில் உழைத்தவனுக்குப் பங்குண்டு என்று கேட்பதற்கு நமது மொழியே நமக்குச் சாட்சி சொல்கிறது.

'சம்பளம்' என்பதைச் சம்பா நெல்லும் உப்பளமும் சேர்ந்த சொல் என்று சிலர் விளக்குவார்கள். இன்னொரு விளக்கமும் உண்டு. வடமொழியிலும் பாளியிலும் 'சம்பல' என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு. நமது பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வழியில் காய்ச்சலிலும் பசியிலும் எத்தனையோ பேர் விழுந்தார்கள். வழிச்சோறு இல்லாமல் நடந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று 'சம்பளம்' என்ற சொல்லை அதிகமாகப் பேசுகிறோம்.

தோட்டத்திலேயே பிறந்த சொற்களும் இருக்கின்றன. 'துண்டு' என்றால் இன்று சாதாரணக் கடதாசி. அன்றைக்கு அது நமது பாட்டன்மாரின் கழுத்தில் கட்டிய கயிறு. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டம் கங்காணிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. கடனோடு சேர்த்து ஆட்களையும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆள் வேலைக்கு வந்தால் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கிடைத்தது 'பென்ஸ் காசு'. உழைத்தவர் ஒருவர், தலைக்குக் காசு வாங்கியவர் இன்னொருவர்.

'பேர்' என்ற சொல்லையும் யோசித்துப் பாருங்கள். செக்ரோலில் பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. கிலோ குறைந்தால் 'அரைப்பேர்'. காலை முதல் மாலை வரை மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றவருக்குப் பாதிப் பேர் போடுகிறார்கள். நாள் முழுவதும் நின்றது முழு மனுஷிதானே?

பெண்களுக்கு இந்தப் பாதிக் கணக்கு புதிதல்ல. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, சிறுவர்களுக்கு இன்னும் குறைவு என்றுதான் விகிதம் போட்டார்கள். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் வந்தது 1984இல். சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரு வித்தியாசத்தை அழிக்க ஐம்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. அதுவும் வேலைநிறுத்தம் செய்துதான் கிடைத்தது.

இப்போது அந்த அக்காவின் சீட்டுக்கு வருகிறோம்.

2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். நாளொன்றுக்கு 730 ரூபாய் என்று சொன்னார்கள். அந்த 730இல் 'அடிப்படைச் சம்பளம்' 500 ரூபாய்தான். மீதி 230 ரூபாய் மூன்று வேறு பெயர்களில் வந்தது. வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்தித் திறன் ஊக்குவிப்பு 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வராவிட்டால் அந்த 60 இல்லை. குறித்த கிலோ எடுக்காவிட்டால் அந்த 140 இல்லை.

இதனால் இன்னொரு நட்டமும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அன்றைக்கு அந்த 15 வீதத்தை 500 ரூபாய்க்குத்தான் கணக்கிட்டார்கள். அது 75 ரூபாய். முழு 730 ரூபாயும் அடிப்படைச் சம்பளமாக இருந்திருந்தால் 109 ரூபாய் 50 சதம் வந்திருக்கும். நாளொன்றுக்கு 34 ரூபாய் 50 சதம் வித்தியாசம். மாதம் 20 நாள் வேலை என்று வைத்தால் 690 ரூபாய். வருடத்துக்கு 8,280 ரூபாய்.

சேவைக்காலப் பணத்தையும் பாருங்கள். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட்சம்பளம். முப்பது வருடம் உழைத்தவருக்கு 420 நாட்சம்பளம். 500 ரூபாய்ப்படி 2,10,000. 730 ரூபாய்ப்படி 3,06,600. வித்தியாசம் 96,600 ரூபாய். வயதான காலத்தில் மருந்துக்கும் மகளின் கல்யாணத்துக்கும் உதவியிருக்கும் காசு அது. அதைக் கள்ளன் வந்து எடுக்கவில்லை. 'சம்பளம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கொடுப்பனவு' என்று எழுதியதால் போனது.

'கொடுப்பனவு', 'ஊக்குவிப்பு' என்பவை நாம் முதலில் சொன்ன இரண்டாவது வகைச் சொற்கள். நிபந்தனை வைத்து, தயவாகக் கொடுப்பது. 'அடிப்படைச் சம்பளம்' என்பது மூன்றாவது வகை. ஒப்புக்கொண்ட உரிமை. அதனால்தான் ஆயிரம் ரூபாய்க்காகப் போராடியபோது, 'அடிப்படைச் சம்பளமாக ஆயிரம்' என்று நம் மக்கள் வீதியில் இறங்கிக் கேட்டார்கள். 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது, விலைப் பங்கு 50. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில் ஆயிரம் வந்தது. அதுவும் 900, 100 என்று இரண்டு பெயர்களில்தான் வந்தது. தொகையைக் கேட்டுக் கைதட்டும் முன்பு, அது எத்தனை பெயர்களாகப் பிரிந்து வருகிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாரிடம் நாங்கள் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். அடுத்த சம்பள நாளில் உங்கள் லயத்தில் ஐந்து வீட்டுச் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். சீட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்.

இந்தக் காசு வேலை செய்தால் கட்டாயம் கிடைக்குமா, அல்லது நிபந்தனை இருக்கிறதா?

இதற்குச் சேமலாப நிதி கட்டுகிறார்களா?

இதை வெட்டிக்கொள்ளும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எந்தச் சட்டத்தின்படி?

கழிவுப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். விளங்காத சொல் இருந்தால் அதைக் கோடிட்டு எங்களிடம் கொண்டு வாருங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. விளங்காத சொல்லில் எழுதியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

அந்த அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் மகளின் சம்பளச் சீட்டோடு வந்தார். ஒரு வரியில் விரலை வைத்து, "இது சம்பளமா, கொடுப்பனவா? கேட்டுச் சொல்லுங்க" என்றார். நாங்கள் கேட்டுச் சொன்னோம். உங்கள் வீட்டுச் சீட்டிலும் அதே கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.