மண்டியில் பயின்ற அரசியல்



1924ஆம் ஆண்டில் இதே திருவண்ணாமலையில் தமிழ் மாகாணக் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் ஈரோட்டு ஈ.வெ. இராமசாமி. வைக்கம் போராட்டத்தில் அவர் சிறைப்பட்டு மீண்ட ஆண்டு அது. அன்றைய மாநாட்டை எழுதுகிறவர்கள் அவரைப் போராட்டத் தலைவராகக் காட்டுகிறார்கள். அதற்குமுன் பல்லாண்டு மண்டிக் கல்லாவில் உட்கார்ந்தவர் என்பதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த வரிக்குள் இருப்பதைத்தான் இந்த அவையில் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

தந்தை வெங்கட்ட நாயக்கர் கூலி வேலையில் தொடங்கி, சிறு மளிகைக் கடை வைத்து, பிறகு மண்டி கண்டவர். மகனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. பன்னிரண்டு வயதளவில் மண்டிக்கு வந்து மூட்டைகளுக்கு விலாசம் எழுதினார், சரக்கை ஏலம் கூறினார். ஏலம் கூறுகிறவர் எதிரே நிற்பவரின் முகக்குறிப்பை நொடியில் படிக்க வேண்டும். எல்லாருக்கும் புரியும்படி உரக்கப் பேச வேண்டும். வியாபாரம் ஓய்ந்த வேளைகளில் புராணம் பேசுவோரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டதும் அங்கேதான். பின்னாளில் மணிக்கணக்காகக் கூட்டத்தைக் கட்டிவைத்த அந்தப் பேச்சு மண்டியில் பழகியது என்றே நான் கருதுகிறேன்.

கடைக்காரர் நகராட்சிக்குள் நுழைய அக்காலச் சட்டமும் இடம் தந்தது. 1884ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டத்தின்கீழ் வாக்குரிமை வரி கட்டுவோரைச் சுற்றியே நின்றது. கூலிக்காரருக்கு அதில் இடமில்லை. இந்தக் குறுகிய வாசலையும் நாம் மறக்கக் கூடாது. ஈரோட்டு நகராட்சித் தலைவராக அவர் காவிரிக் குடிநீர்த் திட்டத்தை நிறைவேற்றினார். தேவஸ்தானக் குழுவுக்கும் தலைமை வகித்தார். பின்னாளில் கடவுள் மறுப்பைப் பரப்பியவர் அன்று கோயில் நிர்வாகத்தைப் பொறுப்போடு நடத்தினார் என்பது கோயில் நகரத்தில் கூடியிருக்கும் நமக்குச் சிந்திக்கத்தக்கது. 1919இல் நகராட்சிப் பதவியை விட்டுக் காங்கிரசில் சேர்ந்தார்.

என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி இனித்தான் வருகிறது. ஒத்துழையாமை இயக்கம் நீதிமன்றப் புறக்கணிப்பைக் கேட்டது. அவருக்கு வரவேண்டிய கடன் ஏறத்தாழ 50,000 ரூபாய், பத்திரங்களாகக் கையில் இருந்தது. வழக்குப் போட்டால்தான் வசூலாகும். பத்திரங்களைத் தம் பெயருக்கு மாற்றித் தந்தால் தாமே வசூலித்துத் தருவதாகக் காங்கிரஸ் தலைவர் சேலம் விஜயராகவாச்சாரியார் சொன்னார். தாம் செய்யக் கூடாததைப் பிறர் பெயரால் செய்வதும் கூடாது என்று இராமசாமி மறுத்துவிட்டார். கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த ஒருவருக்கு அந்தத் தொகையின் எடை தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே விட்டார். அதன்பின் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். வணிகம் அவரை விட்டுப் போகவில்லை. அதன் நோக்கம் மாறியது.

திருவண்ணாமலை மாநாட்டுக்கு அடுத்த ஆண்டு, 1925இல், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காதபோது காங்கிரசை விட்டு வெளியேறினார். அது தனி ஆய்வுக்குரியது.

அவர் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. எழுதப்படாதவர்கள் சிறு ஊர்களின் கடைத்தெருக்களில் இருக்கிறார்கள். இந்த ஊரிலும் அரிசி, மணிலா வியாபாரம் செய்தவர்கள், கார்த்திகைத் தீபக் கூட்டத்தை நம்பிக் கடை விரித்தவர்கள், மண்டகப்படி ஏற்றவர்கள் பொதுவாழ்வுக்கு வந்திருப்பார்கள். அவர்களுடைய பேரேடுகளும் குறிப்பேடுகளும் வீட்டுப் பரண்களில் கிடந்து, பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன. இளம் ஆய்வாளர்களை உரிமையோடு கேட்கிறேன்: முதலில் அந்த வீடுகளுக்குப் போங்கள். பேரேடு கிடைத்தால் அதை நகராட்சிக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தோடு ஆண்டுவாரியாக ஒப்பிடுங்கள். யார் யாருக்குக் கடன் கொடுத்தார், யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் காண முடியும். இன்று பிற்பகல் அமர்வை முழுவதும் இத்தகைய மூலங்களுக்கே ஒதுக்க வேண்டுகிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.