இரும்பு பழசாக இருக்கலாம், காப்பு பழசாகக் கூடாது

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

"வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி" என்று பேசச் சொல்வார்களோ என்ற பயத்தோடுதான் மேடை ஏறினேன். நல்ல வேளை, செயலாளர், "உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டார். கோயமுத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறவன் நான். எரிந்து போன மோட்டார், கைவிட்ட ஸ்டெபிலைசர், உடைந்த மிக்ஸி, இவைதான் என் உலகம். ஆகவே பழைய சாமான்களை வைத்து நாமே ஒரு வெல்டிங் செட் செய்வது எப்படி என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

முன் வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். "சின்ன இன்வெர்ட்டர் மெஷின் சில ஆயிரத்துக்குக் கடையில் கிடைக்குதே, இதை ஏன் செய்யணும்?" என்பது அவர் சிரிப்புக்கு அர்த்தம். நியாயமான கேள்வி. நான் சொல்லப் போகிற செட்டுக்கு ஏழெட்டு கிலோ செம்பு வேண்டும். அதைப் புதிதாக வாங்கினால் கடை மெஷினைவிட அதிகம் ஆகிவிடும். காசு மிச்சம் பிடிக்க இதைச் செய்யாதீர்கள். ஆனால் டிரான்ஸ்பார்மர் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த அத்தனையும் இந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதோடு ஓர் உயிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பேச்சே.

1993-ல் எங்கள் வீதிக்குப் பின்னால் ஒருவர் ஜன்னல் கிரில் பட்டறை வைத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் தள்ளுவண்டியில் இரண்டு பழைய ஸ்டெபிலைசர்களைப் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணா, இதுல ஒரு வெல்டிங் செட் பண்ணிக் குடுங்கண்ணா. உப்புத் தண்ணியில இனி ஓட்ட முடியாதுங்க. நேத்து பையனைத் தூக்கி எறிஞ்சிருச்சுங்க" என்றார். அவரிடம் வேலை பார்த்த பையன், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ராடு மாற்றியிருக்கிறான். கரண்ட் அடித்துச் சுவரோரம் போய் விழுந்திருக்கிறான். பிழைத்தது அவன் தாய் செய்த புண்ணியம்.

உப்புத் தண்ணீர் வெல்டிங் என்றால் மாணவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். டிரான்ஸ்பார்மர் கிடையாது. வீட்டுக் கரண்டின் ஃபேஸை உப்புக் கரைத்த ஒரு தொட்டி வழியாக விட்டு, நேராக ராடு ஹோல்டருக்குக் கொண்டு வருவது. உப்புத் தண்ணீர் ஒரு ரெசிஸ்டன்ஸ் போல வேலை செய்து கரண்டைக் கட்டுப்படுத்தும். "தண்ணி வோல்டேஜைக் குறைச்சிரும், ஒண்ணும் ஆகாது" என்று அதைக் கற்றுக் கொடுக்கிறவர்கள் சொல்லுவார்கள். அது பொய். ஓம் விதியை நினைத்துப் பாருங்கள். கரண்ட் ஓடினால்தான் ரெசிஸ்டன்ஸில் வோல்டேஜ் விழும். வெல்டிங் நடக்காத நேரத்தில் கரண்ட் ஓடுவதில்லை, அதனால் தொட்டியில் எதுவும் விழுவதில்லை. முழு 230 வோல்ட்டும் ராடின் நுனியில் காத்துக்கொண்டு இருக்கிறது. ராடு மாற்றுகிற நேரமும் அதுதானே! இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகிவிட்டாலோ, வேலை செய்கிற இரும்புச் சட்டம் முழுக்க ஃபேஸ் ஆகிவிடும்.

அதனால் அவரிடம், "செட் செய்து தருகிறேன். ஆனால் இன்றைக்கே அந்தத் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும்" என்றேன். "சரிங்கண்ணா" என்றார்.

முதலில் ஸ்டெபிலைசரைத் திறந்தோம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். இரண்டு தனிச் சுருள் கிடையாது, ஒரே சுருளில் பல டேப் எடுத்திருப்பார்கள். 50 வோல்ட் டேப் ஒன்று எடுத்து அதில் வெல்டிங் செய்தால் மீட்டர் 50 வோல்ட் என்றுதான் காட்டும். ஆனால் லைனுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் ஒரு தடுப்பும் இல்லை. நியூட்ரல் விட்டுப் போனால் மறுபடியும் உப்புத் தொட்டி கதைதான். ஆகவே சுருள் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, இரும்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இரும்பை ஏன் வைத்துக்கொள்ளலாம்? சிலிக்கன் ஸ்டீல் தகடு துருப்பிடிக்காமல், வளையாமல், பூச்சு போகாமல் இருந்தால் இருபது வருஷம் ஆனாலும் அதே தகடுதான். சுருளைச் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்று மொத்தமாக நெருப்பில் போடாதீர்கள். தகட்டின் மேல் உள்ள பூச்சு போய்விடும். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் எடி கரண்ட் ஓடிக் கோர் காயும்.

இனி கணக்கு. பெரிய கோரின் நடுக்கால் அகலம் 7.5 சென்டிமீட்டர், அடுக்கின் உயரம் 8 சென்டிமீட்டர். பெருக்கினால் 60. பூச்சுக்கும் இடைவெளிக்கும் கழித்தால் 55 சதுர சென்டிமீட்டர் இரும்பு. நம் பாடத்தில் வரும் 4.44 சூத்திரத்தில், 50 சைக்கிளுக்கு, 1.2 டெஸ்லா என்று போட்டால் ஒரு வோல்ட்டுக்கு 0.68 சுற்று வருகிறது. 230 வோல்ட்டுக்கு 157. நாங்கள் 160 சுற்று போட்டோம். இரண்டாவது சுருளுக்கு 38 சுற்று, அதில் 55 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும். கிரில் வேலைக்குப் போகும் பன்னிரண்டு நம்பர் ராடு, அதாவது இரண்டரை மில்லிமீட்டர் ராடு, பிடிக்க அது போதும். 50-க்குக் கீழே போனால் ராடு பற்றாது.

ராடுக்கு 70 ஆம்பியர் வேண்டும். சுற்றுகளின் விகிதப்படி லைனில் ஏறக்குறைய 17 ஆம்பியர் இழுக்கும். "வீட்டுப் பிளக்கில் சொருகிக்கலாமா?" என்று கேட்காதீர்கள். தனி லைன், தனி பிரேக்கர், சரியான எர்த், மூன்றும் வேண்டும். தொடர்ந்து ஓட்டாமல் பத்து நிமிஷத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டு, முதல் சுருளுக்கு 13 கேஜ் கம்பியும், இரண்டாவதுக்கு 16 சதுர மில்லிமீட்டர் பட்டையும் எடுத்தோம்.

இப்போது ஒரு வேடிக்கை. நல்ல டிரான்ஸ்பார்மருக்கு அழகு என்ன? லோடு ஏறினாலும் வோல்டேஜ் இறங்கக் கூடாது. பரீட்சையில் அப்படித்தான் எழுதினோம். வெல்டிங் செட்டுக்கு அதுவே குறை! ஆர்க் என்பது விசித்திரமான லோடு. கரண்ட் கூடக்கூட அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். நடுவில் பிடித்துக்கொள்ள ஏதாவது இல்லையென்றால் கரண்ட் எகிறும், ராடு ஒட்டிக்கொள்ளும், சுருள் புகையும். டியூப் லைட்டுக்கு ஏன் சோக் வைத்தார்கள்? அதே காரணம்தான். கடையில் விற்கும் பழைய மாடல் செட்டில் ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்களே, அது உள்ளே ஓர் இரும்புத் துண்டை நகர்த்தி இதே வேலையைத்தான் செய்கிறது.

எங்கள் செட்டுக்கு இரண்டாவது ஸ்டெபிலைசரின் கோரைச் சோக்காக ஆக்கினோம். எவ்வளவு சோக் வேண்டும்? பிதாகரஸ் போதும். திறந்த வோல்டேஜ் 55 கர்ணம். ஆர்க் எடுப்பது 25 ஒரு பக்கம். மறுபக்கம் 49. அதை 70 ஆம்பியரால் வகுத்தால் 0.7 ஓம். இரண்டு சுருளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றாமல் நடுக்காலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லீக்கேஜ் கொஞ்சம் கிடைக்கும், மீதி சோக்கில். டிரான்ஸ்பார்மருக்கு ஈ தகடும் ஐ தகடும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். சோக்குக்கு அப்படி அடுக்கக் கூடாது. ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் எதிர்ப்பக்கம், நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஃபைபர் அட்டை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் இரும்பு நிறைந்து போய் சோக் வெறும் கம்பியாகிவிடும்.

அடுத்ததுதான் முக்கியம். கிரில் பட்டறைக்காரர் என்னிடம், "கழட்டின கம்பியையே திருப்பிச் சுத்திரலாங்களா? பழைய பேப்பரே நல்லாத்தானே இருக்குது?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இரும்புக்கு வயசு தெரியாது, காப்புக்குத் தெரியும். எனாமல் பல வருஷம் சூடு தின்று, வளைக்கும்போது வெடிக்கும். பேப்பர் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். ஃபாரடே 1831-ல் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றியபோது, காப்புக் கம்பி கடையில் கிடைக்காத காலம் அது. நூலையும் துணியையும் வைத்து அவரே காப்புச் செய்தார். மின்சாரத்துக்கு வழி விடுவது எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை, போகக் கூடாத வழியை அடைப்பதும்.

பழைய கம்பியைப் பழைய செம்பு விலைக்குப் போட்டுப் புதுக் கம்பி வாங்கினோம். லெதராய்டு பேப்பர், மைலார், ஸ்லீவ், வார்னிஷ் எல்லாம் புதிது. முதல் சுருளுக்கும் இரண்டாவது சுருளுக்கும் நடுவில் ஒரு தடித்த ஃபைபர் சுவர். கோர் போல்ட்டுக்கும் ஸ்லீவ் போட்டோம். வார்னிஷில் முக்கி, காயவைத்து, 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்தோம்: சுருளுக்கும் சுருளுக்கும், சுருளுக்கும் கோருக்கும். மெக்கர் பார்க்காமல் எங்கள் பட்டறையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை.

முதல் சுவிட்சை நேராகப் போடக் கூடாது. 200 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் சேர்த்துப் போட வேண்டும். மங்கலாக எரிந்தால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே எங்கேயோ ஷார்ட், கழற்று. எங்கள் பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. அந்தப் பையனே முதல் ராடு பிடித்தான், ரப்பர் பூட்ஸ், தோல் கையுறையோடு. 55 வோல்ட்டும் வியர்த்த கைக்கு விளையாட்டல்ல. லைனில் ஆர்.சி.சி.பி. மாட்டினால் நல்லதுதான், ஆனால் இரண்டாவது சுருள் பக்கம் அடிக்கிற ஷாக் அதற்குத் தெரியாது. அங்கே உங்களைக் காப்பது காய்ந்த கையுறைதான். கண்ணாடி பத்தாம் நம்பர். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் பார்க்கிறவர்களுக்கு ராத்திரி கண்ணில் மணல் கொட்டினது போல இருக்கும்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இப்போது பழைய மைக்ரோவேவ் அவன் நிறையக் குப்பைக்கு வருகிறது. அதன் டிரான்ஸ்பார்மரை வைத்து வெல்டிங் செட் செய்கிற ஆசை பலருக்கு இருக்கிறது. அதன் இரண்டாவது சுருளில் ஏறக்குறைய 2000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம். இதே டிரான்ஸ்பார்மரை வைத்து மரத்தில் மின்சாரக் கோலம் எரித்துப் பலர் உயிர் போனதால்தான், அமெரிக்க மரக்கடைசல் சங்கம் 2017-ல் தன் நிகழ்ச்சிகளில் அந்த வேலையையே தடை செய்தது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்காதீர்கள் தம்பிகளா.

பழைய சாமானைப் பார்த்ததும் "இதில் என்ன எடுக்கலாம்?" என்று கேட்பது நம் ஊர்ப் பட்டறைகளின் பழக்கம். கோயமுத்தூர் அப்படி வளர்ந்த ஊர்தான். அதோடு இன்னொரு கேள்வியும் சேர வேண்டும்: "இதில் எதை எடுக்கக் கூடாது?" முதல் கேள்வியை அனுபவம் சொல்லிக் கொடுத்துவிடும். இரண்டாவதை அனுபவத்தில் கற்றுக்கொள்ளக் காத்திருக்க முடியாது, அதற்குத்தான் படிப்பு. உப்புத் தொட்டிக்காரருக்குக் கைத்திறமை குறைவில்லை. ஓம் விதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்கள் ஊருக்குப் போகும்போது எங்காவது அந்தத் தொட்டியைப் பார்த்தால் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். டிப்ளமா வாங்கியதற்கு அது ஒரு பிரயோஜனம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நன்கொடையில் ஒரு பகுதியை ஒதுக்கி, கல்லூரியில் ஒரு பழைய சாமான் அறை ஏற்படுத்துவோம். ஒரு மெக்கர், ஒரு சீரீஸ் லேம்ப் போர்டு, ஒரு நல்ல சுருள் மெஷின், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர். கோரும் தகடும் என் பட்டறையிலிருந்து நான் அனுப்புகிறேன். பழைய காப்பு ஒரு துண்டும் வராது என்று உறுதி கூறுகிறேன்.