எழுத்துப் பிழையும் கிழிந்த பக்கமும்



பெண்கள் பாடசாலையின் நூற்றாண்டு விழாவில் ஆண்களின் நோயைப் பற்றிப் பேச்சா என்று நீங்கள் நினைக்கலாம். முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய், அதாவது புரோஸ்டேட் புற்றுநோய், நம் அப்பாமாருக்கும் அண்ணன்மாருக்கும் வருவது. ஆனால் அதன் காரணம் சிலவேளை நம் உடலிலும் இருக்கக்கூடும்.

உயர்தர உயிரியல் வகுப்பில் டி.என்.ஏ.யை நாம் எழுத்துகளாகப் படித்தோம். ஓரெழுத்து மாறினாலே நோய் வரலாம் என்றும் படித்தோம். இந்தப் புற்றுநோயிலோ எழுத்துப் பிழைகளைவிட, பக்கங்கள் கிழிந்து இடம்மாறி ஒட்டப்படுவதே பெரிதும் காணப்படுகிறது.

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு முக்கிய சான்றைக் கண்டார்கள். 21ஆம் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் எழுத்துகள் இடைவெளியில் உள்ள இரண்டு பரம்பரையலகுகள் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. ஒன்று ஆண் ஓமோனின் கட்டளைக்கு இயங்குவது. மற்றது புற்றுநோய்க்குத் துணைபோகக் கூடியது. இணைந்தபின் ஓமோனின் கட்டளைக்கு இரண்டாவதும் விழித்துக்கொள்கிறது. ஐரோப்பிய வம்சாவளி நோயாளரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் கட்டிகளில் இது உண்டு. ஆசியரில் குறைவு.

எழுத்தெழுத்தாக வாசித்தால் இது தப்பிவிடும். எனவே அந்தப் பரம்பரையலகின் இரு பக்கமும் சிவப்பு, பச்சை ஒளிர்பொருள்களை ஒட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கிறோம். நிறங்கள் பிரிந்திருந்தாலோ, ஒன்று காணாமற்போயிருந்தாலோ அங்கே முறிவு உண்டு. இன்னொரு வழி, டி.என்.ஏ.த் துண்டுகளின் இரு முனைகளையும் வாசிப்பது. ஒரு துண்டின் முனைகள் வெகுதூர இடங்களுக்கு உரியவையாக இருந்தால் ஒட்டு வெளிப்பட்டுவிடும்.

இனி நம் பங்கு. பி.ஆர்.சி.ஏ.2 என்பது முறிந்த டி.என்.ஏ.யைச் செப்பனிட உதவும் பரம்பரையலகு. அதில் பழுதோடு பிறந்த ஆணுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அப்பழுது மகனுக்கோ மகளுக்கோ கடத்தப்பட 50 வீத வாய்ப்பு உண்டு. மகளுக்கு வந்தால் மார்பக, சூலகப் புற்றுநோய் ஆபத்துக் கூடும். சில குடும்பங்களில் இந்தப் பழுதும் எழுத்துப் பிழையன்று, ஒரு பெருந்துண்டின் இழப்பு. ஆகவே பரிசோதனையில் பெரிய இழப்புகளும் பார்க்கப்பட்டனவா என்று கேட்க வேண்டும். விடை சிகிச்சைக்கும் உதவும்: இத்தகைய பழுதுள்ள முற்றிய நோயாளருக்கு ஒலாபரிப் என்னும் மாத்திரை 2020இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

அப்பாவின் நோயை 'சலப் பிரச்சினை' என்று சொல்லி மூடிவைப்பது நம் வீடுகளின் வழக்கம். யாழ்ப்பாணமோ கொழும்போ ரொறன்ரோவோ, எங்கிருந்தாலும், குடும்ப வரலாறு கேட்கும் வைத்தியரிடம் அம்மா வழியோடு அப்பா வழியையும் சொல்வோம். நம் மகள்மாருக்கும் சொல்லி வைப்போம்.