உமிழ்நீரும் ஒவ்வாமை மாத்திரையும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)

 

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையின் முன் நின்றவன் நான். சாக்பீஸ் துகளோடு வந்த தும்மல், நான் ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. மருத்துவர் ஒரு வாரத்திற்கென எழுதித் தந்த மாத்திரையை, அவரைக் கேளாமலே நான்கு ஆண்டுகள் விழுங்கி வந்தேன். பொழுது சாய்ந்தபின் நீரும் அருந்தாத வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. ஆதலால் மாலை உணவோடு மாத்திரை. இரவு முழுதும் வறண்ட வாய். விடிந்ததும் வறட்சி தீரக் கற்கண்டு.

சென்ற ஆண்டு பற்கள் கூசின. ஈறோரத்தில் ஐந்து பற்கள் சொத்தையாகியிருந்தன. "மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?" என்று பல் மருத்துவர் வினவ, "இல்லை" என்றேன். பொய்யுரைக்கும் எண்ணமில்லை, தும்மல் மாத்திரையை நான் மருந்தாகவே எண்ணியதில்லை. உடன் வந்த என் துணைவியார்தாம் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் தும்மலையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. அதனைத் தடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள், உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு நரம்பு விடுக்கும் ஆணையையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. செட்டிரிசின், லோராடடின் முதலிய பிற்கால மருந்துகளில் இவ்விளைவு குறைவு. அறவே இல்லை எனல் இயலாது.

வள்ளுவர் காமத்துப்பாலில் காதலியின் வாயூறும் நீரைப் பாலும் தேனும் கலந்த சுவைக்கு ஒப்பிட்டார். இந்த அவையில் அதனை விரிக்கவில்லை! பல்லுக்கு அந்நீர் காவல் என்பதே இங்கு வேண்டுவது. அது அமிலத்தைத் தணிக்கிறது; பல்லிலிருந்து கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் மீட்டுத் தருகிறது. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உறக்கத்தில் உமிழ்நீர் இயல்பாகவே மிகக் குறையும். என் மாத்திரை எஞ்சியதையும் வற்றச் செய்தது. காவலற்ற பற்களுக்குக் காலையில் கற்கண்டு ஊட்டியவனும் நானே.

இதைக் கேட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டா. எனக்கு மருத்துவர் மூக்கில் அடிக்கும் மருந்தாக மாற்றித் தந்தார். புளோரைடு கலந்த பற்பசையால் இருவேளை துலக்குகிறேன். கற்கண்டு டப்பா பூசை அறைக்குப் போய்விட்டது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் கொள்வோர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புக. தவறினால் நாவில் பூஞ்சை வெண்படலமாகப் படியக்கூடும். குழந்தைகளுக்குத் தரும் இனிப்பு மருந்துகளில் சர்க்கரை இருக்கலாம். பல் துலக்காமல் அவர்களை உறங்க விடாதீர்கள். பல் மருத்துவரிடம் செல்லும்போது, அற்பமென்று நினைக்கும் மாத்திரையின் அட்டையையும் கொண்டு செல்லுங்கள்.

என் ஐந்து பற்களில் மூன்றை அடைத்துக் காத்தார்கள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டை எடுக்க நேர்ந்தது. மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தத் தகர நகரங்கள் பிறக்கும் என்பது நன்னூல் இலக்கணம். இன்றைய உரையில் அவ்வெழுத்துகள் சற்றே வழுக்கியிருப்பின் பொறுத்தருளுங்கள். செயற்கைப் பல் அடுத்த வாரம்தான் வருகிறது.